காற்று எந்தப் பக்கம்?

சரித்திரக் கதை எழுதுகிறவனுக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு. நாகப்பட்டினத்துத் துறையில் நூறு மரக்கலங்கள் நின்றன என்று எழுதினால் நூறும் நின்றுவிடும். பாய் விரிந்தது என்றால் விரிந்துவிடும். அந்தப் பாய் சதுரமா நீள்சதுரமா, அதைக் கட்டிய கயிறு எங்கே போய் முடிகிறது, சுக்கான் பிடிக்கிறவன் எந்த இடத்தில் காலூன்றி நின்றான் என்றெல்லாம் வாசகர்கள் கேட்பதில்லை. கதாநாயகி அந்தக் கப்பலில் இருக்கிறாளா இல்லையா என்பதுதான் அவர்களுடைய கவலை. நியாயமான கவலைதான்.

மாதிரிக் கப்பல் செய்கிறவனுக்கு இந்தச் சௌகரியம் கிடையாது. ஒரு பலகை எங்கே முடிகிறது என்று தெரியாவிட்டால் அவன் கை அங்கேயே நின்றுவிடும். ‘கம்பீரமான கப்பல்’ என்று எழுதலாம். கம்பீரத்தை ரம்பத்தால் அறுக்க முடியாது.

ஸ்ரீரங்கம் வடக்கு உத்தர வீதியில் ஒரு பெரியவர் இருக்கிறார். பொன்மலை ரயில்வே பட்டறையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீதியில் எல்லோருக்கும் அவர் ‘பொன்மலை மாமா’. கடலுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். பொன்மலைப் பட்டறையே கடற்கரையிலிருந்து வந்ததுதான். தென்னிந்திய ரயில்வேயின் பட்டறை முதலில் நாகப்பட்டினத்தில் இருந்தது. 1928-ஐ ஒட்டித்தான் அது பொன்மலைக்கு வந்து சேர்ந்தது. பட்டறையோடு பல குடும்பங்களும் வந்தன. மாமாவின் தாத்தா அப்படி வந்தவர். நாகப்பட்டினத்துக் கடலை மாமா சிறு வயதில் கதையாகக் கேட்டே வளர்ந்தார்.

ஓய்வு பெற்ற பிறகு அவர் மாதிரிகள் செய்ய ஆரம்பித்தார். முதலில் நீராவி ரயில் எஞ்சின். பிறகு ஸ்ரீரங்கத்துத் தெப்பம். மாசி மாதத்தில் நம்பெருமாள் தெப்பக்குளத்தில் எழுந்தருளும் அந்தத் தெப்பத்தை, அடியில் மிதக்கும் பீப்பாய்கள் முதல் மேலே தொங்கும் விளக்குகள் வரை அப்படியே செய்துவைத்திருக்கிறார். இதிலெல்லாம் அவருக்குக் கஷ்டமே இல்லை. சந்தேகம் வந்தால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். மூன்றாவதாக அவர் எடுத்துக்கொண்ட காரியம்தான் எங்கள் இருவரையும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆட்டிவைத்தது. ராஜேந்திர சோழனின் மரக்கலம் ஒன்று, கடலோடு சேர்த்து.

ஒரு நாள் என் வீட்டுக்கு வந்து ஊஞ்சலில் உட்கார்ந்தவர், காப்பிகூடக் கேட்காமல் கேள்வியை ஆரம்பித்தார்.

“ஏன் ஓய், நீர் சோழன் கதையெல்லாம் எழுதறவர். கடாரத்துக்குப் போச்சே, அந்தக் கப்பல்லே எத்தனை பாய்மரம்?”

“யாருக்கும் தெரியாது, மாமா.”

“யாருக்கும்னா? புத்தகம் எழுதினவாளுக்குமா?”

“அவர்களுக்கும்தான்.”

மாமா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ரயில்வே பட்டறையில் முப்பது வருஷம் இருந்தவருக்கு ஒரு வண்டி ஓடியிருக்கிறது, ஆனால் அதன் வரைபடம் இல்லை என்பது நம்ப முடியாத சமாசாரம்.

ஆனால் உண்மை அதுதான். 1025-ம் வருஷம் ராஜேந்திரன் கடல் கடந்து ஸ்ரீவிஜயத்தின் மேல் படையெடுத்தான். அடுத்த ஐந்தாறு வருஷத்துக்குள் தஞ்சைப் பெரிய கோயிலில் வெட்டப்பட்ட கல்வெட்டு அந்த யுத்தத்தைச் சொல்கிறது. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர் என்று தொடங்கி, மாநக்கவாரம், கடாரம் என்று முடியும் பதின்மூன்று ஊர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. ஓர் ஊருக்கு அகழி எப்படி இருந்தது, இன்னோர் ஊருக்கு மதில் எப்படி இருந்தது என்றுகூடச் சொல்லியிருக்கிறான் அந்தப் புலவன். கடாரத்து அரசனின் யானைப் படையைப் பிடித்ததும், ரத்தினம் பதித்த வாசலைக் கொண்டுவந்ததும் இருக்கின்றன. கப்பலைப் பற்றி என்ன சொல்கிறான்? கடல் நடுவே பல கலங்களைச் செலுத்தியதாகச் சொல்கிறான். அதோடு சரி. எத்தனை கலம், எவ்வளவு நீளம், எந்தத் துறையிலிருந்து, எந்த மாதத்தில், ஒன்றும் கிடையாது. ஆயிரம் வருஷத்துக்குப் பிறகு ஸ்ரீரங்கத்தில் ஒரு பெரியவர் தேக்குச் சட்டத்தையும் வாள் ரம்பத்தையும் வைத்துக்கொண்டு காத்திருப்பார் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

அந்தக் ‘கலம்’ என்ற சொல்லே லேசுப்பட்டதல்ல. ராஜேந்திரனின் தகப்பன் ராஜராஜன், காந்தளூர்ச் சாலையில் கலம் அறுத்தவன் என்று அவனுடைய கல்வெட்டுகளில் ஓயாமல் பெருமை பேசப்படுகிறது. சேரனின் கப்பல்களை அழித்தான் என்று ஒரு கட்சி. இல்லை, அங்கிருந்த சாலையில் உண்ணும் உரிமையை, அதாவது சாப்பாட்டுக் கலத்தை, நிறுத்தினான் என்று இன்னொரு கட்சி. கப்பலா, தட்டா என்பதே தீராத வழக்காக இருக்கும்போது, கப்பலின் பாய்மரத்தை எண்ணுவது எங்கே?

தமிழில் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. கலம், நாவாய், வங்கம், தோணி, அம்பி, ஓடம், திமில், பஃறி, தெப்பம், கட்டுமரம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். உறுப்புகளுக்கும் பெயர் உண்டு. அடிக்கட்டைக்கு ஏரா, முன்பக்கத்துக்கு அணியம், விலா எலும்பு போன்ற வளைந்த மரங்களுக்கு வங்கு, பாயைத் தாங்கும் குறுக்குக் கழிக்குப் பருமல். ‘கப்பல் சாத்திரம்’ என்ற பிற்காலத்துச் சுவடி ஒன்றை 1950-ல் சென்னை அரசாங்கக் கீழ்த்திசைச் சுவடி நூலகம் அச்சிட்டது. எந்த மரம் ஆகும், எந்த மரம் ஆகாது என்பதோடு, எப்படிச் செய்தால் கப்பலுக்குக் கெடுதல் வரும் என்ற நிமித்தங்களும் அதில் உண்டு. மாமா அதைப் படித்துவிட்டு, “ஜாதகம் இருக்கு ஓய், ஆளைத்தான் காணோம்” என்றார்.

ஆளைத் தேடி நாங்கள் அலைந்தது ஒரு தனிக் கதை. கையில் கிடைத்த படங்களை எல்லாம் மாமா வீட்டுக் கூடத்துச் சுவரில் வரிசையாக ஒட்டினோம். மாமிக்கு அது பிடிக்கவில்லை.

முதலில் சாதவாகனர் நாணயம். சோழமண்டலக் கரையில் கிடைத்த அந்த ஈயக் காசுகளில் இரண்டு பாய்மரக் கப்பல் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அது இரண்டாம் நூற்றாண்டு. ராஜேந்திரனுக்கு எண்ணூறு வருஷம் முந்தியது. அடுத்து ராமநாதபுரம் பக்கத்து அழகன்குளத்தில் கிடைத்த பானை ஓடு. யாரோ ஒருவன் கூரான எதையோ கொண்டு ஒரு பெரிய கப்பலைக் கீறியிருக்கிறான். கப்பல் சரித்திரத்தில் பெயர் பெற்ற லயனல் காசன் அதைப் பார்த்துவிட்டு, இது கிரேக்க ரோமானியக் கப்பல் என்றார். அப்புறம் அஜந்தா. இரண்டாம் குகையில் மூன்று பாய்மரங்களோடு ஒரு கப்பல் இருக்கிறது. அணியத்தில் கண் எழுதியிருக்கிறது, பின்பக்கம் ஜாடிகள் அடுக்கியிருக்கின்றன. ஜாவாவில் போரோபுதூர் ஸ்தூபத்துச் சிற்பங்களில் உள்ள கப்பல்கள் மிக அழகானவை; ஆனால் பக்கவாட்டில் மிதவைக் கட்டை நீட்டிக்கொண்டிருக்கும் அந்த அமைப்பு அந்தத் தீவுகளுக்கே உரியது. பம்பாய்க்குப் பக்கத்தில் போரிவலியில் ஏக்சர் என்ற இடத்தில் உள்ள வீரக்கற்களில் கடற்போர் செதுக்கியிருக்கிறது. காலம் ஏறக்குறைய நம்முடையது, ஆனால் அவை துடுப்புப் போட்டுப் போகும் போர்ப்படகுகள். திருநெல்வேலிச் சீமையில் திருப்புடைமருதூர்க் கோபுரத்தின் உள்ளே அரபிக் குதிரைகளை ஏற்றிவரும் கப்பல் உண்டு. அதுவோ நாயக்கர் காலம்.

இப்படி, முன்னால் ஐந்நூறு வருஷம், பின்னால் ஐந்நூறு வருஷம், வடக்கே அஜந்தா, கிழக்கே ஜாவா என்று சுற்றிலும் கப்பல்கள் நிற்கின்றன. நடுவே இருக்க வேண்டிய நம்முடையது மட்டும் இல்லை. கல்லைக் குழைத்துக் கோயில் கட்டிய சோழச் சிற்பி ஒருவனுக்குக்கூடவா ஒரு கப்பலைச் செதுக்கிவைக்கத் தோன்றவில்லை! எனக்கு இதில் அவர்கள் மேல் கொஞ்சம் கோபம்தான்.

நம் மனத்தில் இருக்கும் சோழக் கப்பல் பின் எங்கிருந்து வந்தது? பத்திரிகைகளிலிருந்து வந்தது. திருச்சி நேஷனல் ஹைஸ்கூலில் படித்த கல்கி, ‘பொன்னியின் செல்வ’னை 1950 முதல் 1954 வரை தொடராக எழுதியபோது மணியம் படம் போட்டார். சாண்டில்யன் ஒரு நாவலுக்கே ‘கடல் புறா’ என்று கப்பலின் பெயரை வைத்தார். அந்த நாவல்களைப் படித்தவர்களுக்குக் கப்பல் என்றால் கண்முன் வந்து நிற்கும். அது அந்த எழுத்தின் சாமர்த்தியம். குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் பிற்பாடு வந்த காலண்டர்களிலும் சுவரொட்டிகளிலும் சோழக் கப்பல் என்று போட்டிருப்பதைக் கூர்ந்து பார்த்தால், வாஸ்கோட காமாவும் கொலம்பஸும் ஏறிய கப்பலுக்குப் புலிக்கொடி கட்டியிருப்பது தெரியும். பின்பக்கம் மாடி மாடியாக உயர்ந்து, ஜன்னல் வைத்து, சில சமயம் பீரங்கி வாய்கூடத் தெரியும். பக்கத்துப் பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்துக் கண்காட்சிக்கு மாமாவின் கப்பலைக் கேட்டு வந்தவர்கள், “பக்கத்துக்கு நாலு பீரங்கி வைத்தால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்” என்றார்கள். மாமா அவர்களுக்குக் காப்பி கொடுத்து, தெப்பத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

மாதிரி என்பதை விளையாட்டுச் சாமான் என்று நினைக்கிறவர்கள் உண்டு. எட்மன் பாரி என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியின் கதையை அவர்களுக்குச் சொல்ல வேண்டும். 1826-லிருந்து 1840-க்குள் மூன்று முறை உலகைச் சுற்றிய பிரயாணங்களில், போன இடமெல்லாம் உள்ளூர்ப் படகுகளை அளந்து வரைந்துகொண்டே போனார் அவர். நம் கரைக்கும் வந்தார். கட்டுமரத்தையும், தோணியையும், அலையில் ஆட்களையும் சரக்கையும் ஏற்றி இறக்கிய சலங்கையும் அளந்தார். பிற்காலத்தில் பாரிஸ் லூவர் மாளிகையில் இருந்த கடற்படைக் காட்சிசாலைக்கு அவர் தலைவரானபோது, அந்த வரைபடங்களைக் கொண்டு மாதிரிகள் செய்வித்தார். நாம் அடுப்பெரித்துத் தீர்த்துவிட்ட தோணிகளுக்கு அங்கே அளவு தப்பாத பிரதிகள் இருக்கின்றன. சென்னையில் மீன்வளத் துறைக்குத் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெலும் 1920-ல் இந்தியப் படகுகளைப் பற்றி ஒரு பெரிய ஆராய்ச்சி எழுதினார். நம் படகுகளை நாம் அளக்காதபோது யாரோ அளந்தார்கள். அதுவரைக்கும் லாபம்.

அந்த சலங்கும் சென்னை மசூலாப் படகும்தான் கடைசியில் மாமாவுக்கு வழிகாட்டின. அந்தப் படகுகளில் ஆணி கிடையாது. பலகைக்குப் பலகை துளை போட்டுத் தேங்காய் நார்க்கயிற்றால் தைப்பார்கள். அலை மோதினால் ஆணி அடித்த படகு பிளக்கும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். பாரசீகக் குடாவிலிருந்து நம் கரைவரை பழைய கப்பல்களில் பெரும்பாலானவை இப்படித் தைத்தவைதான் என்பது பலரும் ஒப்புக்கொண்ட விஷயம். இதற்குப் பக்கபலமாக வேறொன்றும் நடந்தது. இந்தியக் கடற்படை, அஜந்தா ஓவியத்தை வைத்துக்கொண்டு, கேரளத்துத் தச்சர்களைக் கொண்டு கோவாவில் ஒரு தைத்த கப்பலைக் கட்டியது. 2023 செப்டம்பரில் அடிக்கட்டை போட்டார்கள். 2025 மே மாதம் ‘கௌண்டின்யா’ என்று பெயரிட்டுக் கடற்படையில் சேர்த்தார்கள். அந்த டிசம்பரில் அது போர்பந்தரிலிருந்து மஸ்கட்டை நோக்கிப் புறப்பட்டது. நீளம் சுமார் 20 மீட்டர், நம் கணக்கில் அறுபத்தைந்து அடி. ஆணி இல்லை, சுக்கான் என்று தனியாக இல்லாமல் பின்பக்கம் பெரிய துடுப்புகள், சதுரப் பாய்.

இந்தக் கப்பலைக் கட்டுவதற்குமுன் ஒரு மாதிரி செய்து, அதைச் சென்னை ஐ.ஐ.டி.யின் கடல் பொறியியல் துறையில் நீரில் விட்டுச் சோதித்தார்கள் என்று அறிந்தபோது மாமாவுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. “பாத்தீரா, பொம்மைதான் முதல்லே” என்றார். மாதிரியைத் தண்ணீரில் இழுத்துப் பார்த்துப் பெரிய கப்பலின் போக்கைக் கணக்கிடும் வித்தையை 1870-களில் இங்கிலாந்தில் வில்லியம் ஃப்ரூட் என்பவர் நிலைநாட்டினார். அதில் ஒரு வேடிக்கை உண்டு. மாதிரி நாற்பத்தெட்டில் ஒரு பங்கு நீளம் என்றால், அதன் வேகம் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அல்ல. சுமார் ஏழில் ஒரு பங்கு. நீளத்தைச் சுருக்குகிற மாதிரி தண்ணீரைச் சுருக்க முடியாது.

ஆக, மாமா வேலையை ஆரம்பித்தார். கடற்படைக் கப்பலின் அளவையே வைத்துக்கொண்டார். நாலடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் கப்பல் பதினாறு அங்குலம் வந்தது. மரம், பழைய ரயில் பெட்டியிலிருந்து கழித்துப்போட்ட தேக்கு. பலகைகளைக் கனமான காகிதம்போல் இழைத்து, வெந்நீரில் ஊறவைத்து வளைத்து, ஊசி நுனித் துளைகள் போட்டு, நூலுக்கு மெழுகு தடவி நிஜமாகவே தைத்தார். ஒரு நாளைக்கு மூன்று அங்குலம் தைப்பார். பாய்க்குப் பழைய வேஷ்டித் துணி, கஞ்சி போட்டு, உருளியைக் கவிழ்த்து அதன்மேல் காயவைத்தது; காற்றில் புடைத்த மாதிரியே வந்தது. பாய் பருத்தியாக இருக்கலாமா என்று கேட்டபோது, உறையூரை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். முதல் நூற்றாண்டில் ‘பெரிப்ளூஸ்’ எழுதிய கிரேக்கன் அந்த ஊர்ப் பெயரை ‘அர்காரு’ என்று குறித்து, அங்கிருந்து ஏற்றுமதியான துணியைச் சொல்லியிருக்கிறான். 1960-களில் சென்னைப் பல்கலைக்கழகத்தார் உறையூரைத் தோண்டியபோது சாயத் தொட்டி கிடைத்தது. இவ்வளவு துணி நெய்த நாட்டில் பாய்க்குத் துணியா கிடைக்காது?

மாமா ஒரு விதி வைத்துக்கொண்டார். எதற்காவது ஆதாரம் இருந்தால் அந்தப் பாகத்துக்கு எண்ணெய் பூசி வர்ணம் கொடுப்பது. ஊகமாகச் செய்ததை வெறும் மரமாகவே விட்டுவிடுவது. தையல் வர்ணம் பெற்றது. பின்பக்கத் துடுப்புகள் பெற்றன. பாய்மரம் இரண்டு நிறுத்தினார், ஆனால் இரண்டும் வெள்ளை மரமாகவே நின்றன. மேல்தட்டில் கூரை இருந்ததா? வெறும் மரம். படைவீரர்கள் எங்கே உட்கார்ந்தார்கள், குடிதண்ணீர் எங்கே வைத்தார்கள்? வெறும் மரம். கொடி? புலி சோழனின் இலச்சினை என்பதில் சந்தேகமில்லை, செப்பேட்டு முத்திரைகளில் இருக்கிறது. ஆனால் கப்பலில் எங்கே பறந்தது, என்ன அளவு? கம்பம் மட்டும் வைத்தார். கொடி வைக்கவில்லை. எனக்கே கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. “ஒரு சின்னப் புலி, மாமா” என்று சொல்லிப் பார்த்தேன். “நீர் உம்ம கதையிலே பறக்க விடுங்கோ, நான் வேண்டாம்னேனா?” என்றார்.

கப்பல் முடிந்தபோது அதில் முக்கால் பங்கு வெளுத்துக் கிடந்தது. அதை எங்கே மிதக்கவிடுவது?

மாதிரிக்காரர்கள் சாதாரணமாகக் கடலை எப்படிச் செய்வார்கள் என்றால், பலகையின்மேல் சாந்து பூசி, விரலால் குட்டிக் குட்டி அலைகளாக எழுப்பி, நீல வர்ணம் அடித்து, பஞ்சு ஒட்டிவிடுவார்கள். பார்க்க நன்றாகவே இருக்கும். மாமா அதற்கும் கணக்குப் போட்டார். தென்மேற்குப் பருவக்காற்றில் வங்கக் கடலில் பத்தடி உயர அலை சர்வ சாதாரணம். பத்தடி அலை மாதிரியில் இரண்டரை அங்குலம். ஆனால் பத்தடி உயரமுள்ள அலை ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகட்டுக்கு இருநூறு அடி நீளம் இருக்கும். மாதிரியில் அது ஐம்பது அங்குலம்! கப்பலே பதினாறு அங்குலம்தான். பலகை முப்பது அங்குலம். அப்படியானால் பலகையில் பல அலைகளுக்கு இடமே இல்லை. ஓர் அலைகூட முழுசாக அடங்காது. பலகை முழுவதும் ஒரே அலையின் முதுகு. அதன் சரிவில் கப்பல் சாய்ந்து ஏறிக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் பெரிய சரிவின்மேல்தான் சின்னச் சின்னச் சிற்றலைகள். இதைக் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு கடற்படை முழுவதும் இப்படி ஒவ்வொரு குன்றாக ஏறி இறங்கிக்கொண்டே போயிருக்கிறது. பக்கத்துக் கப்பல் பள்ளத்தில் இறங்கினால் பாதிப் பாய்மரம்தான் கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

சரி, அந்தச் சரிவு எந்தத் திசையில்? அங்கேதான் மாமா அந்தக் கேள்வியைக் கேட்டார். “காற்று எந்தப் பக்கம், ஓய்?”

இதற்குக் கல்வெட்டு வேண்டியதில்லை. கடாரம் இன்றைய மலேசியாவின் கெடா. நாகப்பட்டினத்திலிருந்து நேர்கோட்டில் சுமார் 2,300 கிலோமீட்டர், கிழக்கே சற்றுத் தெற்காக. வழியில் நக்கவாரம் என்ற நிக்கோபார் தீவுகள். போய்ச் சேரும் இடத்துக்கு அடையாளமாக, கடலோரத்தில் ஜெராய் என்ற மலை. அந்த மலையும் நகரவில்லை, இந்தத் தீவுகளும் நகரவில்லை. காற்றும் அப்படியே. நம் மீனவர்கள் கச்சான், சோழகம், கொண்டல், வாடை என்று திசைக்கு ஒரு பெயராகக் காற்றை அழைக்கிறார்கள். ஆனியிலிருந்து புரட்டாசிவரை வங்கக் கடலில் தென்மேற்கிலிருந்து அடிக்கிறது. மார்கழி, தை, மாசியில் வடகிழக்கிலிருந்து அடிக்கிறது. சதுரப் பாய்க் கப்பல் எதிர்காற்றில் ஏறாது. ஆகவே போகிறவன் தென்மேற்குக் காற்றில் போயிருப்பான், வருகிறவன் வடகிழக்குக் காற்றில் வந்திருப்பான். ஐப்பசி கார்த்திகையில் புயலுக்குப் பயந்து எங்கேயாவது துறையில் ஒதுங்கிக் கிடந்திருப்பான்.

ஏழாம் நூற்றாண்டில் சீன யாத்திரிகர் இத்-சிங் எழுதிவைத்த குறிப்பு ஒன்று இருக்கிறது. சீனத்துப் பிக்ஷு ஒருவர் கெடாவிலிருந்து மேற்கே கப்பலேறி முப்பது நாளில் நாகப்பட்டினம் வந்தாராம். 2,300 கிலோமீட்டரை முப்பது நாளால் வகுத்தால், இராப்பகலாக மணிக்கு மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல். அம்மா மண்டபத்திலிருந்து காவேரி ஸ்நானம் முடித்துவிட்டு ராஜகோபுரத்துக்கு நடந்து வருகிறவனின் வேகம்! ராஜராஜன் சீனத்துக்கு அனுப்பிய தூதர்கள் 1015-ல் போய்ச் சேர்ந்தார்கள். பிரயாணத்துக்கு 1,150 நாட்கள் ஆயின என்று சீனக் குறிப்பு சொல்கிறது. வழியில் ஒவ்வொரு துறையிலும் காற்று மாறக் காத்திருந்த நாட்களும் அதில் சேர்த்தி. நாவல்களில் ஓர் அத்தியாயத்துக்கும் அடுத்த அத்தியாயத்துக்கும் நடுவில் இருக்கும் மூன்று நட்சத்திரக் குறிகளுக்குள் இந்த மூன்று வருஷமும் அடங்கிவிடுகிறது.

ஆடி மாதத்தில் மாமா நாகப்பட்டினத்துக்கே ஒரு நடை போய்வந்தார். கரையோரத்தில் கடல் அடக்கமாக இருந்ததாம். காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிப்பதால் கரையில் அலை எழும்பவில்லை. “உள்ளே போய்ப் பாருங்க சாமி, அங்கே வேற மாதிரி” என்று ஒரு மீனவர் சொன்னாராம். படை புறப்படுவதற்கு எவ்வளவு தோதான காலம் பாருங்கள்! ஆற்று முகத்தில் நிதானமாக ஆட்களை ஏற்றிக்கொண்டு, பாயை விரித்தால் காற்றே பிடித்து வெளியே தள்ளிவிடும்.

அந்தக் கடலை மாமா இரண்டு மாதம் செய்தார். தெர்மக்கோலைச் சீவி அந்த நீண்ட சரிவை உண்டாக்கி, கூழ் தடவிய காகிதம் ஒட்டி, மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசினார். வர்ணத்தில் நீலம் குறைவு. கரும்பச்சையும் சாம்பலும் அதிகம். மழைக்கால வானத்தின் கீழே கடல் நீலமாக இருக்காது என்பது அவர் கட்சி. அதன்மேல் தெளிந்த வார்னிஷ், ஒன்று காய்ந்தபின் ஒன்றாக ஏழு பூச்சு. அப்போதுதான் தண்ணீருக்குள் ஆழம் தெரிந்தது. நுரைக்குப் பஞ்சு பிடிக்கவில்லை, பஞ்சு பஞ்சாகவே தெரிகிறது என்றார். நெட்டி கொண்டுவந்தார். குளங்களில் வளரும் அந்தச் செடியின் வெள்ளைத் தண்டைச் சீவிக் கோயில் கோபுரங்கள் செய்வது திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய வேலை. தஞ்சாவூர் நெட்டி வேலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. கோபுரம் செய்கிற நெட்டியைப் பொடியாக உதிர்த்து, அலையின் முகட்டிலும் அணியத்தின் அடியிலும் தூவினார். நுரை உயிரோடு நின்றது.

கப்பலை அதில் பொருத்திய அன்று நான் போயிருந்தேன். வலப்பக்கம் சற்றுப் பின்னாலிருந்து காற்று. கப்பல் இடப்பக்கம் லேசாகச் சாய்ந்து அலைமேல் ஏறுகிறது. கப்பலில் பெரும்பகுதி வர்ணம் இல்லாமல் எலும்பாக நிற்க, அதன் கீழே கடல் மட்டும் முழுசாக, பளபளவென்று, தொட்டால் கை நனைந்துவிடும் போல இருந்தது. மாமாவின் விதிப்படி கடலில் ஓர் இடம்கூட வெறுமையாக விடவேண்டியிருக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. காகிதத்தில் கோடு போட்டுப் பார்த்தேன். போகும்போது கப்பல் கிழக்கே பார்க்கிறது, காற்று தென்மேற்கிலிருந்து. அதாவது வலப்பக்கம், சற்றுப் பின்னால். திரும்பும்போது கப்பல் மேற்கே பார்க்கிறது, காற்று வடகிழக்கிலிருந்து. அதுவும் வலப்பக்கம், சற்றுப் பின்னால்!

“மாமா, போனாலும் வந்தாலும் காற்று ஒரே பக்கம்தான். இது போகிற கப்பலா, வருகிற கப்பலா?”

மாமா காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மாதிரியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கூடத்து அலமாரியின்மேல், அணியம் கிழக்கே இருக்கும்படி வைத்தார். “இப்போ போறது” என்றார்.

அவருடைய பேரன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதல் காரியமாக அதைப் போய்ப் பார்க்கிறான். சில நாட்களில் நான் போகும்போது அணியம் மேற்கே திரும்பியிருக்கிறது.